வஞ்சிரத்துக்கு வயசு என்ன?

ராமநாதபுரத்தில் பஸ் ஏறி, கீழக்கரை, ஏர்வாடி எல்லாம் தாண்டினால் வாலிநோக்கம். ஒரு பக்கம் உப்பளம், இன்னொரு பக்கம் மன்னார் வளைகுடா. காலையில் கரைக்குப் போனால் நாட்டுப்படகுகள் வரிசையாக வந்து நிற்கும். ஐஸ் பெட்டி, தராசு, ஏலச் சத்தம், காக்கா கூட்டம் என்று ஏரியாவே கலகலவென்று இருக்கும்.

பறக்கிற காக்காவைத்தான் சொல்கிறேன். ஏனென்றால் இந்தப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அண்ணனைக் கூப்பிடும் வார்த்தையும் 'காக்கா'தான். அப்படி ஊரே 'காக்கா' என்று கூப்பிடும் ஒரு பெரியவரிடம்தான் போய் மாட்டினேன்.

மணலில் ஒரு வஞ்சிரம் கிடந்தது. வெள்ளி மாதிரி மினுமினுப்பு. நம்ம ஹாஸ்டல் மெஸ்ஸில் விரல் அகலத் துண்டாக மட்டுமே பார்த்த மீனை முழுசாகப் பார்த்த சந்தோஷத்தில், "செம பெருசு!" என்று கத்திவிட்டேன்.

பெரியவர் சிரித்தார். "இதுவா தம்பி பெருசு?" என்று கேட்டுவிட்டு இரண்டு கையையும் முழுசாக விரித்துக் காட்டினார். "நான் கடலுக்குப் போன புதுசுல, பெருசுன்னா இது."

பக்கத்தில் வலை உதறிக்கொண்டிருந்த அவருடைய மகன், "அத்தா சொல்றது அந்தக் காலம். எங்களுக்கெல்லாம் இவ்வளவு வந்தாலே பெருசுதான்" என்று பாதிக்குக் கொஞ்சம் மேலே கையை விரித்தார். பேரன் என் வயசுப் பையன். அவன் மணலில் கிடந்த மீனையே காட்டி, "இதுவே பெருசுதாண்ணே" என்றான்.

பையில் இருந்த இன்ச் டேப்பை எடுத்தேன் (சர்வே லேப் வாசனை இன்னும் போகவில்லை). தாத்தா விரித்த கை 162 சென்டிமீட்டர். மகன் காட்டியது 105. பேரன் காட்டிய மீன், மூக்கு நுனியிலிருந்து வால் பிளவு வரைக்கும், 74.

ஒரே குடும்பம், ஒரே கடல், ஒரே வார்த்தை. ஆனால் 'பெருசு' என்பதற்கு மூன்று அளவு!

இதை வைத்து மீன் சின்னதாகிவிட்டது என்று தீர்ப்பு எழுத முடியாது. தாத்தாவின் ஞாபகத்தில் நின்றது அவர் பிடித்ததிலேயே பெரிய மீனாக இருக்கலாம். ஆனால் இந்த மாதிரி விஷயத்துக்கு ஆராய்ச்சி உலகில் ஒரு பெயரே உண்டு. டேனியல் பாலி என்கிற மீன்வள விஞ்ஞானி 1995-ல் எழுதினார்: ஒவ்வொரு தலைமுறையும் தான் வேலைக்கு வந்தபோது பார்த்த கடலையே 'இயல்பான கடல்' என்று நினைத்துக்கொள்கிறது. அதற்கு முன்னால் என்ன இருந்தது, என்ன போனது என்பது கணக்கிலேயே வருவதில்லை.

அப்போ உண்மையான கணக்கு என்ன? ஒரு வஞ்சிரம் எவ்வளவு வேகமாக வளரும்? எப்போது வயசுக்கு வரும்? எதைப் பிடிக்கலாம், எதை விடணும்? இந்த வாரம் அதுதான் மேட்டர்.

முதலில் ஆளை அடையாளம் பார்ப்போம்

சென்னையில் வஞ்சிரம். தெற்கே வந்தால் நெய்மீன், சீலா என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். (சென்னை மார்க்கெட்டில் சீலா என்று கேட்டால் வேறு மீனைக் கொடுப்பார்கள், உஷார்!) பெயர் மட்டும் இல்லை, ஆளும் ஒருத்தர் இல்லை. கடைக்காரர் 'வஞ்சிரம்' என்று வெட்டுவதில் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன.

உடம்பில் மேலிருந்து கீழாக அலை அலையாகக் கோடு இருந்தால் அது பெரிய வகை. இரண்டு மீட்டருக்கு மேல்கூட வளரும். உருண்டை உருண்டையாகப் புள்ளி இருந்தால் அது சின்ன வகை. ஒரே நீளத்தில் இரண்டையும் பக்கத்தில் வைத்தால், புள்ளிக்காரர் குடும்பஸ்தராக இருப்பார், கோடுக்காரர் இன்னும் ஸ்கூல் பையனாக இருப்பார். அதனால் மீனைப் பார்த்ததும் 'சின்னது' என்று முடிவு கட்டாமல், 'எந்த வகையில் சின்னது' என்று கேட்கணும். நான் இங்கே பேசப்போவது கோடு போட்ட பெரியவரைப் பற்றி.

மீனுக்கு பர்த் சர்ட்டிஃபிகேட் ஏது?

மரத்தை வெட்டினால் வளையம் தெரியும், எண்ணினால் வயசு. மீனுக்கும் அதே டெக்னிக்தான். செதிலில் வளையம் இருக்கும், தலைக்குள் காதுப் பக்கம் இருக்கும் சின்னக் கல்லிலும் இருக்கும். ரஷ்யா, ஈரான் பக்கம் காஸ்பியன் கடலில் ஸ்டர்ஜன் என்று ஒரு மீன் உண்டு. அதன் முட்டைதான் கேவியர், பணக்காரர்கள் ஸ்பூனில் தொட்டுச் சாப்பிடுகிற ஐட்டம். அந்த ஸ்டர்ஜனின் மார்புத் துடுப்பில் உள்ள முதல் முள்ளை மெல்லிசாகச் சீவிப் பார்த்தால் வருஷ வளையம் தெரியும். குளிர்காலத்தில் வளர்ச்சி மந்தமாகிவிடும் இல்லையா, அந்த மந்தம்தான் கோடாகப் பதிகிறது.

நம்ம ஊர் மீனுக்கு அந்த வசதி குறைவு. ராமநாதபுரத்தில் ஏது குளிர்காலம்? வெயில், ரொம்ப வெயில், மழை வந்தால் லக். அதனால் வெப்பக் கடல் மீன்களில் வளையத்தை நம்பி வயசு சொல்வது கஷ்டம். அதற்கு நம்ம விஞ்ஞானிகள் வேறு வழி பிடித்தார்கள்: கூட்டத்தை அளப்பது.

ஸ்கூல் அசெம்பிளியை நினைத்துப் பாருங்கள். யார் எந்த கிளாஸ் என்று தெரியாது. ஆனால் எல்லோருடைய உயரத்தையும் அளந்து கிராஃப் போட்டால் ஒண்ணாங்கிளாஸ் ஒரு மேடு, ரெண்டாங்கிளாஸ் ஒரு மேடு என்று தனித்தனியாக எழும்பி நிற்கும். மாசா மாசம் அளந்தால் அந்த மேடுகள் மெதுவாக வலப்பக்கம் நகரும். அந்த நகர்தல்தான் வளர்ச்சி. ஒரு மீனையும் பெயர் சொல்லிக் கூப்பிடாமல், மொத்தக் கூட்டத்தின் வயசையும் கண்டுபிடித்துவிடலாம்.

இந்த வேலைக்கு நம்ம ராமநாதபுரம் மாவட்டமே ஒரு தாய்வீடு. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947-ல் தொடங்கப்பட்டது. 1971-ல் கொச்சிக்குப் போகும்வரை அதன் தலைமையிடம் மண்டபம்தான். இன்றும் அங்கே அதன் மண்டல மையம் இருக்கிறது. அங்கிருந்து வளர்ந்த விஞ்ஞானிகளில் ஒருவர் எம்.தேவராஜ், பின்னாளில் அதே நிலையத்தின் இயக்குநர். பாக் நீரிணைப் பகுதியிலும் மன்னார் வளைகுடாவிலும் பிடிபட்ட மூன்று வகை வஞ்சிரங்களின் வயசையும் வளர்ச்சியையும் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1981-ல் வெளிவந்தது.

கோடு போட்ட வஞ்சிரத்துக்கு அவர் கண்டது தோராயமாக இது: ஒரு வயசில் சுமார் 40 சென்டிமீட்டர். இரண்டு வயசில் 70-ஐ ஒட்டி. மூன்று வயசில் ஒரு மீட்டரை நெருங்கும். நாலு வயசில் ஒரு மீட்டரைத் தாண்டிவிடும். அதற்குப் பிறகு வந்த சில ஆய்வுகள் இதைவிட வேகமான வளர்ச்சியையும் காட்டுகின்றன. எண் கொஞ்சம் முன்பின் ஆகலாம், வளைவின் வடிவம் மட்டும் ஒன்றேதான்.

அட, இது நம்ம கெப்பாசிட்டர்!

அந்த வளைவைப் பார்த்தபோதுதான் எனக்கு ஷாக். ஃபர்ஸ்ட் இயரில் எலெக்ட்ரிகல் லேபில் போட்ட அதே படம்! கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகும்போது வோல்டேஜ் முதலில் சர்ரென்று ஏறும். போகப் போக மந்தமாகி, உச்ச வோல்டேஜை நெருங்கும், ஆனால் தொடாது. மீனின் நீளமும் அப்படியே. சின்ன வயசில் விறுவிறு, அப்புறம் மெது மெதுவாக, கடைசியில் ஒரு உச்ச நீளத்தை நெருங்கி நிற்கும்.

ஆஸ்திரிய உயிரியலாளர் லுட்விக் வான் பெர்டலான்ஃபி 1938-ல் கொடுத்த சமன்பாடு இது. அதில் 'கே' என்று ஒரு எண் வரும். உச்சத்தை எவ்வளவு சீக்கிரம் நெருங்குகிறது என்பதைச் சொல்லும் எண். நம்ம ஆர்.சி. சர்க்யூட்டின் டைம் கான்ஸ்டன்ட்டைத் தலைகீழாகப் போட்டால் அதுதான். சமன்பாட்டைப் பார்த்து அரண்டுபோகிற பயாலஜி ஃப்ரெண்ட் யாராவது இருந்தால் இதைச் சொல்லிக் கெத்து காட்டலாம்.

தேவராஜ் கணக்கில் வஞ்சிரத்தின் 'கே' சுமார் 0.18. அதாவது உச்ச நீளத்தில் 63 சதவீதத்தைத் தொட ஐந்தரை வருஷம் போலப் பிடிக்கும்.

70 என்கிற மேஜிக் நம்பர்

எல்லாம் சரி, இதில் நமக்கு என்ன? இருக்கிறது. கோடு போட்ட வஞ்சிரம் முதல்முறை இனப்பெருக்கத்துக்குத் தயாராவது ஏறத்தாழ 70 சென்டிமீட்டரில். அதாவது சுமார் இரண்டு வயசில். பேரன் காட்டிய 74 சென்டிமீட்டர் மீன் அப்போதுதான் வயசுக்கு வந்திருந்தது. 'இதுவே பெருசு' என்று அவன் சொன்ன மீன், உண்மையில் அந்த இனத்தில் இப்போதுதான் வோட்டர் ஐடி வாங்கின ஆள்!

இன்னொரு கணக்கும் போடுவோம். நீளம் ஏறினால் எடை அதன் மூன்றாவது அடுக்கில் ஏறும், ஏனென்றால் மீன் நீளத்தில் மட்டும் வளருவதில்லை. அகலம், தடிமன் எல்லாவற்றிலும் வளரும். 40 சென்டிமீட்டர் மீன் 70 ஆனால் நீளம் 1.75 மடங்கு. எடை? 1.75-ஐ மூன்று தரம் பெருக்குங்கள். அஞ்சு மடங்குக்கும் மேலே! ஒரு மீட்டர் ஆகிவிட்டால் 15 மடங்குக்கும் மேலே.

ஒரு வயசு மீனை இன்று பிடிக்காமல் விட்டால் அடுத்த வருஷம் அதே மீன் அஞ்சு மடங்கு எடையோடு திரும்பி வரும். எந்த பேங்க்கில் கிடைக்கும் இந்த வட்டி? எல்லா மீனும் திரும்பி வராது, உண்மைதான். நடுவில் பெரிய மீன் தின்னும், நோய் வரும். ஆனால் பாதி செத்துப்போனாலும் மிச்சப் பாதி கொண்டுவரும் எடை அதிகம். அதோடு பெரிய வஞ்சிரத்துக்குக் கிலோவுக்கு விலையும் கூட.

சின்ன மீனைப் பிடிப்பதில் இரண்டு விதமான தப்பு இருக்கிறது. ஒன்று, பிஞ்சிலேயே பறிப்பது. வளர்ந்து எடை போட்டிருக்க வேண்டிய மீனை முன்கூட்டியே எடுத்துவிடுவது. இதில் காசுதான் நஷ்டம். இரண்டாவது, விதைநெல்லைக் குத்திச் சமைப்பது. முட்டையிடத் தயாரான பெரிய மீன்களையும் சேர்த்து அள்ளி, அடுத்த தலைமுறைக்கே ஆள் இல்லாமல் செய்வது. முதல் தப்பு பர்ஸைக் கடிக்கும். இரண்டாவது தப்பு வம்சத்தையே கடிக்கும்.

ஸ்டர்ஜன் சொல்லும் சோகக் கதை

விதைநெல்லைச் சமைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்டர்ஜன்தான் சாட்சி. அதில் பெலுகா என்கிற வகையில் பெண் மீன் முதல்முறை முட்டை போடத் தயாராக 15 வருஷத்துக்கு மேல் ஆகும். அப்புறமும் வருஷா வருஷம் போடாது. கேவியருக்கு வேண்டியதோ வயிற்றில் இருக்கும் முட்டை. அதை எடுக்கக் காலங்காலமாகச் செய்தது மீனைக் கொல்வது. அதாவது 15 வருஷம் காத்திருந்து வந்த தாயை, அவள் முட்டையிடப் போகும் நேரத்திலேயே பிடிப்பது. போதாததற்கு அது முட்டையிடப் போகும் ஆறுகளில் அணைகள் வேறு.

1998-ல் எல்லா ஸ்டர்ஜன் வகைகளின் உலக வர்த்தகமும் சர்வதேச ஒப்பந்தக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. ஆனால் லேட். 2022-ல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் வெளியிட்ட கணக்குப்படி, மிஞ்சியிருக்கும் 26 வகைகளுமே அழிவின் ஆபத்தில் இருக்கின்றன. சீனாவின் யாங்சே ஸ்டர்ஜன் இயற்கைச் சூழலில் அழிந்துவிட்டது என்றும் அப்போதுதான் அறிவித்தார்கள்.

இப்போது நம்ம வஞ்சிரத்தைப் பக்கத்தில் வையுங்கள். அவள் தாயாக இரண்டு வருஷம் போதும். போடும் முட்டையோ லட்சக்கணக்கில். ஸ்டர்ஜன் விஷயத்தில் தப்பு செய்தால் திருத்த 15, 20 வருஷம் காத்திருக்கணும். வஞ்சிரத்துக்கு நாம் கொடுக்க வேண்டியது இரண்டே வருஷம். நம்மில் பலர் ஒரு மேத்ஸ் பேப்பர் அரியரை கிளியர் பண்ண எடுத்துக்கொள்கிற டைம்தான் அது!

எல்லா மீனுக்கும் இந்தச் சலுகை கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம்ம கடலிலேயே சுறாவும் திருக்கையும் ஸ்டர்ஜன் கட்சி. லேட்டாக வயசுக்கு வரும், குட்டியும் கொஞ்சம்தான். அவற்றில் கைவைத்தால் கடல் சீக்கிரம் மன்னிக்காது.

"விட்டா பிழைக்குமா தம்பி?"

இந்தக் கணக்கையெல்லாம் மணலில் குச்சியால் எழுதி, காக்காவிடம் பெருமையாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். அப்புறம் ஒரே கேள்வி.

"சரி தம்பி. வலையில சின்னது மாட்டிருச்சு. நீங்க சொல்ற மாதிரி எடுத்துக் கடல்லயே விடுறேன். விட்டா பிழைக்குமா?"

முழித்தேன். அவரே சொன்னார். "இது ஓடிக்கிட்டே இருக்குற மீன். செவுள்ல வலை இறுகிட்டா கொஞ்ச நேரத்துல முடிஞ்சிரும். நாங்க வலையை இழுக்குறப்ப அது எப்பவோ செத்துக் கெடக்கும். செத்த மீனைக் கடல்ல போட்டா யாருக்கு லாபம்?"

நூத்துக்கு நூறு உண்மை. வஞ்சிரம், சூரை மாதிரி மீன்கள் வாயைத் திறந்துகொண்டு நீந்தித்தான் செவுளுக்குத் தண்ணீர் அனுப்புகின்றன. நின்றால் மூச்சு நிற்கும்.

"அப்ப என்ன பண்ணணும் காக்கா?"

வலையைத் தூக்கி, அதன் கண்ணிக்குள் நாலு விரலை நுழைத்துக் காட்டினார். "இது பருவலை. கண்ணி பெருசு. சின்ன மீன் வந்தா அதுபாட்டுக்கு இந்தப் பக்கம் நுழைஞ்சு அந்தப் பக்கம் போயிரும். பெருசுதான் மாட்டும். எதைப் பிடிக்கணும்னு கடல்ல முடிவு பண்ண முடியாது தம்பி. வலை வாங்குறப்பவே முடிவு பண்ணணும்."

நான் அரை மணி நேரம் மணலில் எழுதியதை அவர் நாலு விரலில் முடித்துவிட்டார்.

பருவலைக்காரர் ஒருவர் பெரிய கண்ணி போட்டு விட்டுவைக்கும் குட்டி, அடுத்து வரும் பொடிக்கண்ணி இழுவை மடியில் மற்றதோடு சேர்ந்து அள்ளப்பட்டுவிட்டால்? விட்டவர்தான் ஏமாளி ஆகிறார். "நான் விட்டா அடுத்தவன் பிடிப்பான்" என்கிற பயம்தான் எல்லாக் கரையிலும் பெரிய எதிரி. டீசல் கடனும் வியாபாரியிடம் வாங்கின முன்பணமும் பின்னால் நிற்கும்போது, அந்தப் பயத்தைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எல்லோருக்கும் ஒரே விதி, அதுவும் உண்மையாக நடைமுறையில் இருந்தால்தான் ஒருத்தர் தைரியமாக விடுவார்.

விதி இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் 1983 முதல் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. 2001-ல் தொடங்கிய மீன்பிடித் தடைக்காலம் முதலில் 45 நாள். 2017 முதல் 61 நாள் ஆனது: கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. பக்கத்து கேரளா 2015-ல் 14 மீன் இனங்களுக்குக் குறைந்தபட்ச அளவு வைத்தது. மத்தி என்றால் 10 சென்டிமீட்டர், அயிலை என்றால் 14. அதற்குக் கீழே பிடித்தால் குற்றம். 2017-ல் அந்தப் பட்டியல் 58 இனங்களாக நீண்டது.

தடைக்காலம் மீனுக்கு 61 நாள் லீவு கொடுக்கிறது. நல்லதுதான். ஆனால் வஞ்சிரக் குட்டிக்கு வேண்டியது இரண்டு வருஷம். அந்த மிச்ச நாட்களைக் கொடுக்கக்கூடியது வலையின் கண்ணிதான்.

நம்ம பங்கு என்ன?

நாம் வலை வாங்குவதில்லை, மீன்தான் வாங்குகிறோம். ஊருக்குத் திரும்பியதும் மார்க்கெட்டுக்குப் போனேன். ஒரு கடையில் முழங்கை நீளத்தில் முழுசு முழுசாக வஞ்சிரம். அலை அலையாகக் கோடு. "குட்டி வஞ்சிரம், முள்ளு சாஃப்ட்டா இருக்கும், ரேட்டும் கம்மி" என்றார் கடைக்கார அக்கா.

போன மாசம் வரைக்கும் நானும் அதைத்தான் தேடித் தேடி வாங்கியிருப்பேன். ஸ்டூடண்ட் பட்ஜெட்டுக்கு அதுதானே சரி? இந்தத் தடவை, "அக்கா, இது எத்தனை சென்டிமீட்டர் இருக்கும்?" என்று கேட்டேன்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மீன் வாங்க வந்தியா, சட்டை தைக்க வந்தியா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு அரைக்கிலோ மத்தி வாங்கிக்கொண்டு வந்தேன். சீக்கிரம் வயசுக்கு வருகிற மீன், விலையும் கம்மி, குழம்பும் செம டேஸ்ட். பத்து சென்டிமீட்டருக்கு மேல் இருந்ததா என்று ரூமில் அளந்தும் பார்த்தேன். எல்லாம் பாஸ்!

நீங்களும் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். கோடு இருந்தால் 70, ஞாபகம் இருக்கட்டும். ஒருத்தர் கேட்டால் காமெடி. பத்துப் பேர் தினமும் கேட்டால் கடைக்கார அக்கா ஏலக்காரரிடம் கேட்பார், ஏலக்காரர் கரையில் கேட்பார். வாலிநோக்கத்துப் பெரியவரின் நாலு விரல் கண்ணிக்கு அன்றைக்குத்தான் மரியாதை.

கிளம்பும்போது அந்தப் பேரனிடம் என் இன்ச் டேப்பைக் கொடுத்துவிட்டு வந்தேன். பிடிக்கிற வஞ்சிரத்தை எல்லாம் அளந்து, தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன். அவனுடைய பேரன் என்றைக்காவது 'பெருசு' என்று கை காட்டும்போது, ஒப்பிட்டுப் பார்க்க அந்த நோட்டாவது இருக்கட்டும்.